யாத்திரைச் சிறுபொருள்கள்

வெளியூர் சென்று மீள்வோர் வெறுங்கையராய் வீடு புகுதல் நம் நாட்டில் என்றும் வழக்கமன்று. வந்தவர் திண்ணையில் அமருமுன்னரே சிறுவர் அவர்தம் பையைத் தடவிப் பார்ப்பர். மணப்பாறை முறுக்கும், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும், திருநெல்வேலி அல்வாவும் அன்று மாலைக்குள் இருந்த இடம் தெரியாமற் போம். அவற்றைப் பற்றி எழுத யான் புகுந்திலேன். உண்பன தீர்ந்தபின்னும் எஞ்சி நிற்பன சில உள. ஒரு தொழிலுக்கும் உதவாமல், விற்றாற் காலணாவும் பெறாமல், அலமாரி மூலையில் தூசி படிந்து கிடக்கும் அச்சிறுபொருள்களைக் குறித்தே இவ்வாண்டு மலரிற் சில கூற விழைகின்றேன்.

இவற்றைச் சேர்த்து வைக்கும் வழக்கம் மிகப் பழையது. காசி யாத்திரை செல்லும் நம்மவர் இராமேசுவரத்துக் கடல்மணலை முடிந்துகொண்டு போய்ப் பிரயாகையில் ஆற்றிற் கரைப்பர். ஆண்டிருந்து கங்கைநீரைக் கொணர்ந்து இராமநாதர்க்கு நீராட்டுவர். மணல் வடக்கே செல்ல, நீர் தெற்கே வருகின்றது. அங்ஙனம் வந்த நீருள் ஒரு சிறு செம்பு, வாய் மூடிப் பற்றவைக்கப்பட்டு, எத்தனையோ வீடுகளில் இரண்டு மூன்று தலைமுறையாகத் திறவாமலே இருக்கின்றது. எகிப்து தேசத்தில் அலெக்சாந்திரியாவுக்குத் தென்மேற்கே அபூ மீனா என்னுமிடத்தில், தூய மீனாவின் கல்லறையைக் காணச் சென்றோர் கைக்கு அடங்கும் மட்குப்பிகளைக் கொண்டு மீண்டனர். இரண்டு ஒட்டகங்களுக்கு இடையே அப்பெரியார் நிற்கும் உருவம் அக்குப்பிகளில் அச்சிடப்பெற்றிருக்கும். இங்கிலாந்து வரையில் அவை அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. இஸ்பானியாவின் சந்தியாகோ நகருக்கு நடந்து சென்றோர் கடற்சிப்பி ஒன்றைத் தொப்பியில் தைத்துக்கொண்டனர். சீன யாத்திரிகராகிய யுவான் சுவாங்கு கி.பி. 645-இல் தம் நாடு மீண்டபோது 657 பௌத்த நூல்களை இருபது குதிரைகளின்மேல் ஏற்றிச் சென்றார் என்பர். ஆயின் அதனைச் சிறுபொருள் என்று கூறுதல் பொருந்தாது.

என் பெரியப்பா இருப்புப்பாதைத் துறையில் கார்டு உத்தியோகம் பார்த்தவர். ஊர் ஊராய்ச் செல்வது அவர்க்குப் பிழைப்பாக இருந்தமையின், சேர்ப்பதும் அவர்க்கு எளிதாயிற்று. கூடத்தில் கண்ணாடிக் கதவிட்ட சிறு பேழை ஒன்று உண்டு. அதன் மேல்தட்டில் தலையசைக்கும் தஞ்சாவூர்ப் பொம்மை. கதவைத் திறந்த அதிர்ச்சிக்கே அது, யாம் கேளாததற்கெல்லாம் உடன்படுவதுபோல், நெடுநேரம் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும். அடுத்து, ஒரு தூண் முறிந்த வெள்ளைக்கல் தாஜ்மகால். அதன் பக்கத்தே உதகமண்டலத்து யூகலிப்டசு எண்ணெய்க் குப்பி ஒன்று. எண்ணெய் தீர்ந்து நாற்பது ஆண்டு கழிந்தும் மூடியைத் திறப்பின் மூக்கில் ஏறும் ஒரு மெல்லிய வாடை இருந்தது. கீழ்த்தட்டில் கன்னியாகுமரியின் வண்ணமணற் பொட்டலங்கள்.

இம்மணலைப் பற்றி இரண்டு வார்த்தை கூறாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. கடற்கரைக் கடைகளில் இதனை ஏழுநிற மணல் என்று விற்பர். எம் விடுதி மாணவருட் பலர் இது சாயமிட்ட மணல் என்றே எண்ணுகின்றனர். சாயமிட்டு விற்போர் எங்கேனும் இருத்தல் கூடும். ஆயினும் அக்கரையில் இயற்கையாகவே செம்மணலும் கருமணலும் உள. மலைப்பாறை உதிர்ந்து ஆறுகளால் கடலுக்கு வர, அலையானது கனமற்ற வெண்மணலை அலசிக் கொண்டு செல்லும். கனமான துகள்கள் கரையில் தங்கும். செந்நிறத்தது கார்னெட்டு, கருநிறத்தது இல்மனைட்டு. தேன்நிறத்துத் துகள்களாகிய மோனசைட்டில் தோரியம் என்னும் கதிரியக்கப் பொருளும் உண்டு. குழந்தைகள் ஞாபகார்த்தமாக வாங்கும் பொட்டலத்தில் அலை கோடிமுறை சலித்துப் பிரித்த மலை அடங்கியிருக்கின்றது.

பெரியப்பாவின் பேழையில் எனக்கு வியப்பளித்தது பொருளன்று. ஒவ்வொன்றன் அடியிலும் அவர் மடித்து வைத்திருந்த துண்டுக் காகிதமே. பென்சிலால் எழுதிய இரண்டு மூன்று வரி. அவற்றில் ஊரின் அழகைப் பற்றி ஒரு சொல்லும் இராது. எண்ணெய்க் குப்பியின் கீழ், “உதகமண்டலம். 1958 மே. கைக்குழந்தைக்குச் சளி. கடைக்காரர் மீதிச் சில்லறை தர மறந்து, நிலையம் வரை ஓடி வந்து தந்தார்” என்றிருந்தது. தாஜ்மகாலின் கீழ், “ஆக்ரா. மழை. வண்டி 4 மணி தாமதம். உன் பெரியம்மா முதன்முதல் சப்பாத்தி உண்டது” என்றிருந்தது. யாருக்காக ‘உன்’ என்று எழுதினார் என்பது விளங்கவில்லை. படிக்கப் போகும் ஒருவன் வருவான் என்று அவர் எண்ணியிருத்தல் வேண்டும்.

எம் ஆசிரிய நண்பர் ஒருவர் இத்தகைய பொருள்களை ஏளனம் செய்வர். “ஆக்ராவில் விற்கும் தாஜ்மகால் பளிங்கும் அன்று, நகத்தாற் கீறினால் மாவு உதிரும் மாக்கல். எங்கும் ஒரே அச்சு. இதில் என்ன ஞாபகம்?” என்பது அவர் கட்சி. அவர் கூறுவது பெரும்பாலும் மெய்யே. ஷாஜகானின் கட்டடத்தை அறிய வேண்டுவோர்க்கு அப்பொம்மையால் ஆவதொன்றுமில்லை. ஆயின் பெரியப்பா அதனை வைத்திருந்தது அக்கட்டடத்தை நினைத்தற்கன்று. மழையையும், தாமதித்த வண்டியையும், பெரியம்மா சப்பாத்தியைப் பிட்டு விழித்த விழிப்பையும் நினைத்தற்கே. அதற்கு மாக்கல் போதும். பளிங்கு மிகை.

நிற்க. என் அன்னையார்க்குப் பேழை இல்லை. அவர் சென்று கண்ட ஊர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். அவரிடம் இருந்தது பிஸ்கோத்துத் தகரப் பெட்டி ஒன்றே. யான் இக்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயின்றபோது, 1994-இல், அவர் காலமானார். தந்தையார் அப்பெட்டியை மர அலமாரியில் அன்னையார் வைத்த இடத்தினின்றும் நகர்த்தவில்லை. பிறரை நகர்த்தவும் விட்டிலர். அவரும் மறைந்து, 2023-இல் பழைய வீட்டை விற்க நேர்ந்தபோதுதான் யானும் தம்பியும் தங்கையும் அதனைத் திறந்தோம்.

உள்ளே ஐந்து பொருள்கள். வெள்ளைக் கோடு ஓடிய கூழாங்கல் ஒன்று; சிவப்புத் துணியில் முடிந்த குன்றிமணி பத்து; விரல்நீளச் சங்கு ஒன்று; பழைய அட்டை ரயில்சீட்டு ஒன்று; எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்று. துண்டுக் காகிதம் ஒன்றுமில்லை.

அட்டைச் சீட்டை இக்காலத்து மாணவர் கண்டிரார். 1840-ஆம் ஆண்டை ஒட்டி இங்கிலாந்தில் தாமஸ் எட்மண்ட்சன் என்னும் நிலைய அதிகாரி, கையால் எழுதும் தாளுக்குப் பதிலாக வரிசை எண்ணிட்ட சிறு அட்டைகளைப் புகுத்தினார். அம்முறையே உலகெங்கும் பரவி, கணினிச் சீட்டு வரும்வரை நம் நாட்டிலும் நின்றது. அன்னையாரின் சீட்டில் ஊர்ப்பெயர் தேய்ந்து “பட்டி” என்னும் கடைசி எழுத்துக்களே எஞ்சின. “மூன்றாம் வகுப்பு” என்பது மட்டும் தெளிவு. நம் ரயில்களில் மூன்றாம் வகுப்பு 1974-இல் எடுபட்டது. ஆகவே சீட்டு அதற்கு முற்பட்டது. இறங்கும் நிலையத்தில் சீட்டை வாயிற்காவலரிடம் தந்துவிட்டே வெளியேறுதல் முறை. இச்சீட்டோ பரிசோதகர் இட்ட துளையும் இன்றி முழுதாய் இருந்தது. வாங்கியும் செல்லாத பயணமோ? யாரை வழியனுப்பச் சென்று, உடன் ஏற எண்ணி, ஏறாமல் நின்றார்? யாம் மூவரும் அதனை மாறி மாறிக் கையில் வாங்கிப் பார்த்தோம்.

தம்பி கணக்குத் துறையில் இருப்பவன். அவன் நோக்கு நேரானது. “அண்ணா, இவை என்ன என்று அம்மாவுக்குத் தெரியும். நமக்குத் தெரியாது. நமக்குத் தெரியாததை நம் பிள்ளைகள் தலையில் ஏன் கட்ட வேண்டும்? ஆற்றில் விட்டுவிடுவோம்” என்றான். தங்கைக்குக் கண் நிறைந்துவிட்டது. “அம்மா எடுத்துப் பார்த்துப் பார்த்து வைத்தது. அது போதாதா?” என்றாள். இருவர் சொல்லிலும் நியாயம் உண்டு. எனக்கோ எப்பக்கமும் சாரக் கூடவில்லை. பொருள் கையில் இருந்தது. அது குறித்த நாள் எங்கோ போய்விட்டது. பெட்டியைச் சின்னம்மாவிடம் காட்டுவது என்று மட்டும் முடிவு செய்தோம்.

சின்னம்மா பரமக்குடியில் இருக்கின்றார், எழுபதைக் கடந்தவர். கூழாங்கல்லையும் குன்றிமணியையும் பார்த்துத் தலையசைத்து அப்பால் வைத்தார். சீட்டைக் கண்ணருகே பிடித்துப் பார்த்து, “எனக்குத் தெரியாது” என்றார். சங்கை எடுத்தவுடன் அவர் முகம் மாறியது.

“இது இன்னும் இருக்கிறதா! தனுஷ்கோடியில் அக்கா பொறுக்கியது, தம்பி. சித்தப்பா கொழும்புக்குக் கப்பலேறும்போது அப்பா எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு ஒன்பது வயசு, அக்காவுக்குப் பன்னிரண்டு. சித்தப்பாவிடம் கொடுக்க வேண்டும் என்று கரை முழுதும் தேடி இதை எடுத்தாள். எடுத்துக்கொண்டு திரும்பி ஓடி வருவதற்குள் அவர் உள்ளே போய்விட்டார். கப்பல் நகர்ந்தது. அடுத்த தடவை வரும்போது கொடுப்பேன் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வண்டியில் நான் கேட்டேன், தரவில்லை. அது சித்தப்பாவுடையது என்றாள்.”

அஃது 1962-ஆம் ஆண்டுக் கோடை. அக்காலத்தில் பாம்பன் பாலத்தைக் கடந்த வண்டி தனுஷ்கோடித் துறை வரை செல்லும். அங்கிறங்கியோர் நீராவிக் கப்பலேறித் தலைமன்னார் சேர்ந்து, ஆண்டும் ரயிலேறிக் கொழும்பு செல்வர். ஊரில் நிலையமும், சுங்கச் சாவடியும், அஞ்சலகமும், தேவாலயமும், கோயிலும் இருந்தன. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய புயலும் அதனோடு எழுந்த கடலும் அவ்வூரை அழித்தன. பாம்பனிலிருந்து சென்றுகொண்டிருந்த பயணி வண்டியொன்று, ஏறியிருந்த நூற்றுக்கு மேற்பட்டோருடன் நீரில் மூழ்கிற்று. ஊர் வாழத் தகாததென்று அரசினரால் விலக்கப்பட்டது; பாதையும் மீண்டும் இடப்படவில்லை. தேவாலயத்தின் மொட்டைச் சுவர் இன்றும் நிற்கின்றது. அதன் அருகே கொட்டகையிட்டுச் சங்கும் சிப்பியும் விற்கின்றனர்.

சின்னம்மாவின் சித்தப்பா பின்னர் அவ்வழியே வரவேயில்லை. வழியே இல்லையன்றோ? அவர் இலங்கையிலேயே காலமானார் என்று கடிதம் வந்ததாம். ஆகவே நாங்கள் ஓர் ஊரின் நினைவு என்று கருதிய சங்கு உண்மையில் கொடுபடாத ஒரு காணிக்கை. பெற வேண்டியவரும் இல்லை. கொடுக்க நின்ற துறையும் இல்லை. ஓடி வந்த சிறுமியும் இல்லை. சின்னம்மா பேசி முடித்தபின் நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. ஆற்றில் விட வேண்டும் என்ற தம்பி அச்சங்கை வாங்கிச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டான்; இன்றளவும் திருப்பித் தந்திலன். தங்கைக்கு அதில் சிறிது வருத்தமே.

அன்றிரவு எனக்குக் கம்பர் நினைவுக்கு வந்தார். கணையாழி கொண்டு சென்ற அனுமனிடம் சீதை சூடாமணியைத் தருகின்றாள் என்பதை யாவரும் அறிவர். சூடாமணிப் படலத்தை ஊன்றிப் படிப்போர், மணியைத் தருவதன் முன் அவள் வேறு சில தருதலையும் காண்பர். காகம் ஒன்று வந்து வருத்தியபோது இராமன் சினந்ததையும், தன் கிளிக்குக் கைகேயியின் பெயரை இடுமாறு அவன் கூறியதையும் அவள் சொல்லி அனுப்புகின்றாள். இருவரன்றி மூன்றாமவர் அறியாதவை அவை. மணி எவர் கையிலும் சிக்கலாம்; கிளியின் பெயர் சிக்காது. விவிலியத்திலும் யோர்தானைக் கடந்த யோசுவா ஆற்றின் நடுவினின்று பன்னிரண்டு கல் எடுத்துக் கில்காலில் நாட்டியபோது, இவை எதற்கு என்று பிள்ளைகள் பிற்காலத்தில் கேட்கும் கேள்விக்கு விடையையும் உடன் சொல்லி வைத்தான். கல்லை மட்டும் நட்டுவிட்டுப் போய்விடவில்லை.

அமெரிக்காவில் அரிசோனா நாட்டில் கல்மரக்காடு ஒன்றுண்டு. இருபது கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட மரங்கள் பல நிறக் கல்லாய் மாறிக் கிடக்கும் அவ்விடம் 1906-இல் பாதுகாக்கப்பட்டு, 1962-இல் தேசியப் பூங்கா ஆயிற்று. ஆண்டு செல்வோருட் சிலர் ஒரு சில்லைச் சட்டைப்பையில் மறைத்துக் கொண்டு போவர். பின்னர் மனம் உறுத்தியோ, நேர்ந்த துன்பமெல்லாம் அக்கல்லால் வந்ததென்று அஞ்சியோ, மன்னிப்புக் கடிதத்துடன் அஞ்சலில் திருப்பி அனுப்புவர். அங்ஙனம் வந்த கற்களைக் காவலர் காட்டில் மீண்டும் இடுவதில்லை. ஒவ்வொன்றும் எவ்விடத்தில் கிடந்தது என்பது தெரியாமையால், கண்ட இடத்தில் இடின் ஆராய்வோர் மயங்குவர். ஆகவே ஒரு சாலையோரத்தில் அவற்றைக் குவித்து வைத்திருக்கின்றனர். மனச்சாட்சிக் குவியல் என்பது அதன் பெயர். மெய்யான கல், சேர்ந்ததும் தன் காடே, ஆயினும் தன் இடம் சேர வழியில்லை. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையிலும் கல்மரங்கள் உள; கல்லூரிச் சுற்றுலாவில் அவ்வழிச் செல்வோர் கண்ணால் மட்டும் எடுத்து வருக. மன்னார் வளைகுடாவின் பவளமும் சிலவகைச் சங்கும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் காவலில் உள்ளன என்பதையும், கடையில் கிடைக்கின்றதே என்று வாங்கும் நண்பர் அறிதல் நன்று.

இக்காலத்தில் கையிலுள்ள தொலைபேசியே எல்லாவற்றையும் படமெடுத்து வைக்கின்றது, மாக்கல்லும் சங்கும் எற்றுக்கு என்று என் வகுப்பு மாணவி ஒருத்தி வினவினாள். நல்ல வினா. அவள் சென்ற சுற்றுலாவில் எடுத்த படங்கள் எத்தனை என்றேன், எண்ணூறு என்றாள். பெரியப்பாவின் பேழையில் இருந்தவை பதினான்கு. எண்ணூற்றில் எதனடியில் அவள் இரண்டு வரி எழுதினாள் என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். மறுவாரம் ஒரு படத்தைக் கொணர்ந்து காட்டினாள். பேருந்தின் கண்ணாடியில் ஒழுகும் மழையன்றி அதில் வேறொன்றும் தெரியவில்லை. பின்புறம் அவள் எழுதியிருந்ததை ஈண்டு வெளியிட எனக்கு உரிமையில்லை.

சின்னம்மா கூறியவற்றை நான்கு பக்கம் எழுதிப் பெட்டியுள் வைத்துள்ளேன். கூழாங்கல்லுக்கும் குன்றிமணிக்கும் சீட்டுக்கும் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. அவற்றை அறிந்திருக்கக் கூடியோர் எங்கள் குடும்பத்தில் இனி இல்லை. ஆயின் பித்தளை வில்லையைப் பற்றி எனக்கு இன்னும் நம்பிக்கை அறவில்லை. ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம் உடையது. மேல்விளிம்பில் கயிறு கோக்கும் துளை. ஒரு முகத்தில் 37 என்னும் எண். மறுமுகத்தில் தேய்ந்த ஓர் எழுத்து, “ம” போலவும் “ழ” போலவும் தோன்றுவது. நூலாலைத் தொழிலாளியின் வில்லை என்றார் ஒருவர். மிதிவண்டி நிலையத்து அடையாளம் என்றார் மற்றொருவர். விடுதிச் சாப்பாட்டு வில்லை என்றார் எம் நூலகர். அன்னையார் ஆலையிலும் இருந்ததில்லை, மிதிவண்டியும் அறியார், 1966 முதல் 1968 வரை மதுரையில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கிப் பயின்றதுண்டு. இதனைப் படிக்கும் பழைய மாணவர் வீடுகளில் அவ்வாண்டுகளில் மதுரையில் விடுதியிலிருந்து பயின்ற தாய்மாரோ அத்தைமாரோ இருப்பின், அவர்களிடம் இதனைச் சொல்லிக் கேட்டு, மலரின் ஆசிரியர் வாயிலாக எனக்கு எழுதுமாறு வேண்டுகின்றேன்.